கேப்டன் வந்த வாசல்

இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த இங்கிலீஷ் கிரிக்கெட்காரர் மட்டையைத் தூக்கினால் நூறு, இருநூறு என்று அடித்துக்கொண்டே இருப்பார். ஆனால் சம்பளத்துக்கு ஆடியவர். அதனால் சீமையின் பெரிய மைதானத்தில் அவர் பக்கவாட்டு வாசல் வழியாகத்தான் இறங்க வேண்டும். கூலி வாங்காமல் ஆடும் கனவான்களுக்குத்தான் நடுவாசல். பத்து ஓட்டம் எடுக்கத் துப்பில்லாத கனவானாக இருந்தாலும் கேப்டன் பதவி அவனுக்குத்தான்.

இதை எனக்குச் சொன்னவர் ஸ்ரீவில்லிபுத்தூர் வக்கீல். அப்பா மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். சனிக்கிழமைதோறும் வக்கீலின் இங்கிலீஷ் மனுக்களை நகல் எழுதப் போவார். நானும் கூடவே போவேன். சந்து வழியாகப் போய்த் தொழுவத்து வாசலில் நிற்போம். வக்கீல் கொல்லைப்பக்கம் வந்து, படித்து முடித்த பேப்பரைத் துவைகல்லில் போடுவார். அவர் நகர்ந்ததும் அப்பா எடுத்துக்கொள்வார்.

“மனுசன மனுசனா மதிக்கத் தெரியல பாரும் வாத்தியாரே, இவனுவ நம்மள ஆள வந்துட்டானுவ” என்று வக்கீல் கொதிப்பார். எனக்கும் கொதிக்கும். அப்பா மட்டும் “ஆமாங்கய்யா” என்பதோடு சரி. இப்படியும் ஒரு சொரணை கெட்ட அப்பாவா என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

பொறுத்துப் பார்த்த அந்த ஆட்டக்காரர், சம்பள ஆட்டத்தை விட்டு ஏதோ கம்பெனி உத்தியோகத்தில் சேர்ந்தார். உடனே கனவானாகி, இங்கிலாந்துக்கே கேப்டனாகிவிட்டார். அதே ஆள், அதே மட்டை. பாதிரியார் பங்களாவுக்கு வந்த பேப்பரில் அப்பாதான் படித்துச் சொன்னார். வக்கீலுக்கு இதை நான்தான் முதலில் சொல்ல வேண்டும். சனிக்கிழமை சந்துமுனையில் அப்பாவின் கையை உதறிவிட்டு, தெருவாசல் வழியாக நேரே கூடத்துக்குள் ஓடினேன்.

“ஐயா, அவர கேப்டனாக்கிட்டாவ. இனி அவருக்கும் நடுவாசல்தான்.”

வக்கீல் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். பிறகு தெருப்பக்கம் குரல் கொடுத்தார். “வாத்தியாரே, உம்ம புள்ள எங்க நிக்கா பாத்தீரா?”

அப்பா தெருவிலேயே நின்றார். உள்ளே வந்து என்னைத் தூக்கிப் போகக்கூட அவரால் முடியாது. “வெளிய வாட்டி” என்றார். “சின்னப்புள்ளய்யா, தெரியாம வந்துட்டா” என்று கைகூப்பினார். நான் படி இறங்குவதற்குள், நான் நின்ற இடத்தில் வேலைக்காரம்மா சாணித் தண்ணீர் தெளித்தாள். தாத்தா கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தும், அப்பா படித்து வாத்தியாராகியும், அந்த வீட்டில் எங்களுக்குத் தொழுவத்து வாசல்தான். படுபாவி, அதே வாயால்தான் சீமைக்காரனைத் திட்டினான்.

வழியில் அப்பா என்னை அடித்தார். அதுவரை அடித்ததே இல்லை. அடித்துவிட்டு அவரே அழுதார்.

“அவரு கேப்டனானது ஒங்களுக்குப் பொறுக்கல” என்று நான் கத்தினேன்.

அடுத்த சனிக்கிழமையும் சந்து வழியாகத்தான் போனோம். வக்கீல் துவைகல்லில் பேப்பரைப் போட்டார். அதில் படம் வந்திருந்தது. நடுவாசல் படியில் மட்டையோடு இறங்கி வருகிறார் என் கேப்டன். கடைசியில் நியாயம் ஜெயித்துவிட்டதே என்று தொழுவத்து வாசலில் நின்றபடி நான் கைதட்டினேன். அப்பா ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.