பாதிக் கூரை

ஏப்ரல் பிறந்துவிட்டால் ஜான்சி வீட்டு டெரஸில் காலை ஒன்பது மணிக்கு மேல் வெறுங்காலோடு நிற்க முடியாது. புனே விஷ்ராந்த்வாடியில், ஆளந்தி ரோட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளிய குடியிருப்பு அது. ஏ-விங்கில் முதல் மாடி. கார்கள் நிற்கும் இடத்துக்கு மேலே, வானம் பார்த்த பெரிய டெரஸ். வீடு வாங்கிய புதிதில் பார்த்தவர்களெல்லாம் பொறாமைப்பட்டார்கள். இப்போதோ வெயிலில் அதை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

அவள் கணவர் சேவியர் மட்டும் அதற்காக ஏங்கினார். வெடிமருந்துத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் லேத் ஓட்டியவர். ஓய்வு பெற்ற மறுவருடமே பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. சக்கர நாற்காலியில் வைத்து வெளியே தள்ளிக்கொண்டு போனால் முகம் தெளியும். வெயில் ஏறி உள்ளே கொண்டுவந்தால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார்.

"ஒரு பத்ரா ஷெட் போட்டுட்டா நாள் பூரா வெளியவே கிடப்பேன் ஜான்சி," என்பார், நாக்கு கொஞ்சம் குழற. தகரக் கூரையைப் பத்ரா என்றுதான் புனேயில் பிறந்து வளர்ந்த அவர்களுக்குச் சொல்ல வரும்.

"பாக்கலாம்," என்பாள் ஜான்சி.

இப்படியே இரண்டு வெயில்காலம் போய்விட்டது. முப்பத்தைந்து வருடம் நர்ஸாக வேலை பார்த்தவள். எதையும் நாளைக்கென்று தள்ளிப்போடத் தெரியாதவள். இந்த ஒன்றில் மட்டும் ஏன் இப்படி நழுவுகிறாள் என்று யாருக்கும் புரியவில்லை.

எதிரே பி-விங். நாலாவது மாடியில் அவள் தங்கை செல்வமேரி இருக்கிறாள். ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் தேடிப்பிடித்து அந்த வீட்டை வாங்கினார்கள். "அக்கா, இட்லிக்கு மாவு இருக்கா?" என்று மேலிருந்து ஒரு குரல், "வந்து எடுத்துக்கோ" என்று கீழிருந்து ஒரு குரல். பக்கத்து வீட்டு மராட்டிக்காரர்களுக்குக்கூட அந்த இரண்டு தமிழ் வாக்கியமும் மனப்பாடம்.

ஆறு வருடத்துக்கு முன்னால் செல்வமேரியின் கணவன் ஆண்டனி டெங்குவில் செத்துப்போனான். ஹடப்சரில் கம்பெனி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவன். சாதாரணக் காய்ச்சல்தான் என்று கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு நாலு நாள் வேலைக்குப் போயிருக்கிறான். ஆஸ்பத்திரிக்கு வந்தபோது கைமீறிவிட்டது. அடக்கம் முடிந்து வீட்டுக்குத் திரும்பிய அன்று, அழுது ஓய்ந்து கிடந்த தங்கையிடம் ஜான்சி சொன்னாள், "நாலு நாளைக்கு முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தா பிழைச்சிருப்பான்."

அவ்வளவுதான் சொன்னாள். செல்வமேரி எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றிலிருந்து பேச்சு இல்லை. தேவாலயத்தில்கூட வேறு வேறு பூசைக்குப் போனார்கள்.

ஆனால் காலை ஆறரைக்குச் செல்வமேரி பால்கனிக்கு வந்து துணி காயப்போடுவாள். அதே நேரத்துக்கு ஜான்சியும் டெரஸில் நிற்பாள். தங்கை மெலிந்தது, தலை நரைத்தது, ஒரு மாதம் முழங்கையில் கட்டோடு நின்றது, எல்லாம் கீழிருந்து பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். அந்தக் கட்டைப் பார்த்த அன்று, எந்த எலும்போ, யார் கட்டினார்களோ என்று நாள் முழுக்கப் பித்துப் பிடித்தவள்போலத் திரிந்தாள்.

இந்த ஏப்ரலில் சேவியர் தானே ஆளை வரவழைத்துவிட்டார். கூரை போடும் அப்துல் காதர் டேப்பை இழுத்து அளந்து பார்த்தார்.

"சுவத்துல இருந்து சரிவா இறக்கி, கைப்பிடிச் சுவர் வரைக்கும் கொண்டுவந்துரலாம்மா. ஒரு பொட்டு வெயில் விழாது."

"இங்க நின்னு மேல பாத்தா என்ன தெரியும்?"

"மேல என்னம்மா தெரியும்? பத்ராதான் தெரியும்."

"கண்ணாடி மாதிரி ஷீட் வருதே, அதப் போட்டா?"

"அய்யாவ அடுப்புக்குள்ள உக்கார வச்ச மாதிரி இருக்கும்."

ஜான்சி நிமிர்ந்து பி-விங்கைப் பார்த்தாள். நாற்காலியிலிருந்து சேவியர் சொன்னார், "பாதி போடுங்க பாய். எனக்கு எவ்வளவு இடம் வேணும்? மிச்சத்துல இவ நின்னு தங்கச்சியப் பாத்துக்கட்டும்."

ஜான்சிக்கு முகம் சுட்டது. "உங்களுக்குத் தெரியுமா?"

"கால்தான் விழுந்திருக்கு. கண்ணு நல்லாத்தான் இருக்கு."

அதோடு முடியவில்லை. டெரஸைப் பார்த்திருக்கும் வீட்டுக்காரர்கள் எல்லாரும் ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்துப் போட்டால்தான் அனுமதி என்றாள் குடியிருப்பு சொசைட்டியின் செயலாளர் வைஷாலி. ஆறு வீடு. ஐந்து வீட்டில் ஒரே சாயங்காலத்தில் கையெழுத்து வாங்கிவிட்டாள் ஜான்சி. செல்வமேரியின் நானூற்றிரண்டு மட்டும் பாக்கி. தாள் ஒரு வாரம் பைபிளுக்குள் கிடந்தது.

"நானே வாங்கித் தரட்டுமா?" என்று மராட்டியில் கேட்டாள் வைஷாலி.

"வேண்டாம்," என்றாள் ஜான்சி.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, சேலை மாற்றாமல், நாலு மாடியும் படியேறினாள். லிஃப்டில் போனால் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுவோமே என்று பயமாக இருந்தது. ஆறு வருடமாகச் சொல்லிச் சொல்லிப் பழகி வைத்திருந்த வார்த்தைகள் ஒவ்வொரு படியிலும் கூடவே ஏறின. கதவு திறந்தது. செல்வமேரி நின்றாள். கீழிருந்து பார்த்ததைவிடக் குள்ளமாக இருந்தாள்.

ஜான்சி தாளை நீட்டினாள். "கையெழுத்து வேணும்."

செல்வமேரி வாங்கி நிதானமாகப் படித்தாள். "டெரஸ் முழுக்க மூடப் போறீங்களா?"

"பாதிதான்."

"எந்தப் பாதி?"

"அடுக்களைப் பக்கம். இந்தப் பக்கம் திறந்துதான் இருக்கும்."

செல்வமேரி அலமாரி மேலிருந்து பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது, "அத்தானுக்குக் கை அசையுதா?" என்றாள்.

"விரல் கொஞ்சம் மடக்குறாரு."

"சரி."

கதவு சாத்திக்கொண்டது. ஜான்சி மூன்றாவது மாடித் திருப்பம் வரை இறங்கினாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பவும் ஏறி மணியை அழுத்தினாள்.

"அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுடி. உன் துக்கத்துல கூட நிக்காம, நர்ஸாட்டம் பேசிட்டேன்."

கதவின் விளிம்பைப் பிடித்திருந்த செல்வமேரியின் விரல்கள் வெளுத்திருந்தன.

"நீ பொய் சொல்லலியே அக்கா. அதான் தாங்க முடியல. அந்த நாலு நாளும் மாத்திரைய எடுத்துக் குடுத்தது நான்தான்."

ஜான்சி ஓரடி முன்னால் வைத்தாள். செல்வமேரி தலையை அசைத்தாள். "இன்னைக்கு வேண்டாம். முடியல. பிறகு நானே வாரேன்."

மே கடைசியில் கூரை போட்டாகிவிட்டது. காலையில் போனால் சேவியர் சாயங்காலம்தான் உள்ளே வருகிறார். சாப்பாடு, பேப்பர், தூக்கம் எல்லாம் அங்கேயே. ஜான்சி ஆறரைக்குத் திறந்த பாதியில் நிற்கிறாள். செல்வமேரி துணி காயப்போட வருகிறாள். ஒருமுறை கை அசைப்பதுபோல் இருந்தது. ஈரத் துணியை உதறியதாகவும் இருக்கலாம். கீழே வரவில்லை. "மழைக்காலம் முடியுறதுக்குள்ள வந்துருவா," என்கிறார் சேவியர். ஜான்சி மாவைக் கொஞ்சம் கூடுதலாக அரைக்கிறாள்.

ஜூனில் ஒரு மத்தியானம் காற்றோடு மழை இறங்கியது. பத்ராவில் விழுந்த சத்தத்தில் எதுவும் காதில் ஏறவில்லை. சேவியர் கண்ணை மூடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஜான்சி அடுக்களையில் நின்றாள். அந்த இரைச்சலைக் கிழித்துக்கொண்டு மேலிருந்து ஒரு குரல் வந்தது.

"அக்கா! சாரல் அடிக்குது! அத்தான உள்ள தள்ளு!"

ஜான்சி ஓடிவந்து நாற்காலியைச் சுவரோரமாக இழுத்துவிட்டுத் திறந்த பக்கம் போய் நிமிர்ந்தாள். கண்ணில் மழை. பால்கனியில் யாரும் இல்லை. கதவு மட்டும் திறந்து கிடந்தது. முந்தானை நனைந்து தோளோடு ஒட்டும்வரை அங்கேயே நின்று, மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.