மேல்தட்டுக்கு அடியில் ஓர் எஞ்சின்

ஜப்பான்காரன் காலத்தில் நாங்கள் மலாய் நாட்டில் காஜா பேராங் என்ற இடத்தில் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். என் கணவர் ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டும் டிரெசர். காலையில் போனால் பொழுது சாயும்போதுதான் வருவார். எனக்குத் தையல் தெரியும். தைக்க ஊரில் துணி இல்லை. மரவள்ளிக்கிழங்கைச் சீவிக் காயப்போட்டுவிட்டால் பகல் முழுவதும் சும்மாதான். பக்கத்து வீட்டில் ஓயாமல் எதையோ தேய்க்கும் சத்தம் கேட்கும். ஒருநாள் பொறுக்க முடியாமல் எட்டிப் பார்க்கப் போனேன்.

அந்த வீட்டு அண்ணன் சிட்டிக்காரர், பல தலைமுறைக்கு முன்னால் இங்கே வந்து தங்கிவிட்ட தமிழ் வணிகர் வம்சம். சாமி கும்பிடுவது நம்மைப் போலத்தான், பேச்சு மட்டும் மலாய். அவர் வாயில் வரும் தமிழ் என்னைக் கூப்பிடும் ‘தங்கச்சி’ ஒன்றுதான். மற்றதை நான் தமிழாக்கி எழுதுகிறேன். சண்டைக்கு முன்னால் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் ஸ்பீட்போட்டை ஓட்டியவர். இப்போது வேலை இல்லை. வாசற்படியில் உட்கார்ந்து, என் கை நீளம்கூட இல்லாத ஒரு படகைச் செய்துகொண்டிருந்தார்.

மரம், உடைந்த தேக்கு அலமாரியிலிருந்து வந்தது. உப்புத்தாள் கிடைக்காததால் மெம்பெலாஸ் என்று ஒரு சொரசொரப்பான இலையால் தேய்த்தார். மேல்தட்டில் பலகைக்குப் பலகை வெள்ளைக் கோடு ஓடவேண்டும் என்றார். சாயம் ஏது? பழைய கொசுவலையைப் பிரித்து நூல் எடுத்துக் கொடுத்தேன். அதைப் பலகைகளின் இடுக்கில் அழுத்திப் பதித்தார். என் சிவப்புக் கைப்பையை வெட்டி இருக்கை தைத்தேன். முன்கண்ணாடிக்கு என் கணவர் ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட கண்ணாடிச் சில்லு ஒன்றைக் கொண்டுவந்தார்.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். மேல்தட்டைப் பொருத்துவதற்கு முன்னால் ஒரு மாதத்துக்குமேல் அவர் உள்ளே எதையோ செய்துகொண்டிருந்தார். நான் போனால் துணியைப் போட்டு மூடிவிடுவார்.

“உள்ள என்னண்ணே?”

“மூடப்போறதுதானே தங்கச்சி, உனக்கு எதுக்கு?”

அவர் மனைவியிடம் கேட்டேன். “எனக்கும் காட்டல. கிறுக்குப் பிடிச்சிருக்கு” என்றார் அக்கா. ஒரு திங்கட்கிழமை போனபோது மேல்தட்டு ஒட்டப்பட்டு, டாமார் பிசின் பூசி, தேன் மாதிரி மின்னியது. தூக்கிப் பார்த்தேன். உள்ளே ஏதோ கலகலத்தது. அவர் முகம் மாறியது.

இரண்டு நாள் கழித்துத் தெருவில் வீடு வீடாகச் சோதனை. ரேடியோ வைத்திருந்தால் தலை போகும் காலம் அது. நான் அவர்கள் வீட்டுச் சமையலறையில் அக்காவோடு கிழங்கு துருவிக்கொண்டிருந்தேன். ஓர் அதிகாரியும் இரண்டு சிப்பாய்களும் நுழைந்தார்கள். பெட்டி படுக்கையெல்லாம் கொட்டினார்கள். அதிகாரி படகை எடுத்து ஆட்டினான். கலகலவென்றது.

“உள்ளே என்ன?” என்று உடைந்த மலாயில் கேட்டான். சிப்பாய் துப்பாக்கிக் கத்தியை நுழைத்து நெம்பினான். வெள்ளைக் கோடு போட்ட தட்டு படக்கென்று பிளந்தது. உள்ளே செம்புக் கம்பிகள்.

“ரேடியோ!” என்றான் சிப்பாய்.

அக்கா என் கையைப் பிடித்தார். அவர் நகம் சதையில் இறங்கியது. எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ, “ரேடியோ இல்ல துவான், அது எஞ்சின்” என்று மலாயில் சொல்லிவிட்டேன். நானே அப்போதுதான் அதைப் பார்க்கிறேன். ஆனால் அவர் செய்த படகுக்குள் அது வேறு எதுவாகவும் இருக்க முடியாது.

அண்ணன் விரலை நீட்டிப் படகின் பின்னால் இருந்த சின்ன விசிறியைச் சுற்றினார். உள்ளே, குடைக்கம்பியை வளைத்துச் செய்த தண்டு உருண்டது. அதன்மேல் பிஸ்டன் மாதிரி நின்ற ஆறு மரக்குச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்கின. எஞ்சின் ஒயர் மாதிரி ஓடிய அந்தச் செம்பு, சைக்கிள் டைனமோவிலிருந்து உருவிய கம்பி.

அதிகாரி குனிந்தான். தானே ஒருமுறை சுற்றினான். பிறகு மெதுவாக, பிறகு பின்பக்கமாக. சிப்பாய்களும் தலையை நீட்டினார்கள். எவ்வளவு நேரம் என்று தெரியாது, அந்த வீட்டில் எல்லோரும் ஆறு குச்சிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். திடீரென்று அவன் நிமிர்ந்து, படகை மேசையில் பதமாக வைத்தான். அண்ணனின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டான். போய்விட்டார்கள்.

அக்கா கத்தினார். “உசிரு போயிருக்கும்! அடுப்புல போடு அதை!”

அண்ணன் தரையில் மண்டியிட்டு எதையோ தேடினார். எழுந்தபோது உள்ளங்கையில் சுண்டுவிரல் நகமளவு தகரத் துண்டு ஒன்று இருந்தது. கலகலத்தது அதுதான், மூடும்போது தெரியாமல் விழுந்திருந்தது.

“யாரும் பார்க்க முடியாத இடத்துல எதுக்குண்ணே இவ்வளவு வேலை?” என்றேன்.

கன்னத்தைத் தடவிக்கொண்டே சொன்னார். “வெள்ளக்காரன் ஓடும்போது போட்டை எரிக்கச் சொல்லிட்டான், ஜப்பான்காரன் கையில சிக்கக்கூடாதாம். பெட்ரோல் ஊத்தினது நான்தான். எட்டு வருஷம் தினமும் துடைச்ச எஞ்சின், தங்கச்சி. அது இல்லாம வெறும் கூட்டைச் செய்ய மனசு வரல.”

அக்கா சத்தத்தை நிறுத்தினார். பக்கத்தில் வந்து விசிறியை ஒரு சுற்றுச் சுற்றினார். “இதை மறுபடி ஒட்டாதே. கீல் வை. திறந்து பார்க்கிற மாதிரி” என்றார்.

வைத்தார். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் அந்தப் படகைத் திறந்து பார்க்காதவர்கள் இல்லை. என் கணவர் முதல் நாளே ஒரு குச்சியை உடைத்துவிட்டார். அண்ணன் திட்டவில்லை, புதிதாக ஒன்று செதுக்கிப் போட்டார். சண்டை முடிந்ததும் அவருக்குப் பழையபடி படகோட்டும் வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் எனக்கு ஒரு புதுக் கைப்பை வாங்கிக் கொடுத்தார்.