அண்ணனைத் தம்பியாக்கும் கணக்கு

நானும் என் அண்ணனும் இரட்டையர். ஒரே முகம், ஒரே மூக்கு, ஒரே கோபம். முதலில் வெளியே வந்தவன் அவன். நான் வருவதற்குள் அவன் ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்துவிட்டான் என்று அம்மா சொல்லுவாள். அந்தக் குட்டித் தூக்கத்தை வைத்துக்கொண்டு அறுபது வருஷம் என்மேல் அதிகாரம் பண்ணினான். ஒவ்வொரு பொங்கலுக்கும் நான் அவன் காலில் விழ வேண்டும். எங்கள் வீட்டு வழக்கம் அது. அவன் அசையாமல் நின்று, "நல்லா இருப்பா, நல்லா படி" என்பான். நான் கும்பகோணத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்து ஓய்வே பெற்றுவிட்டேன். இன்னும் படிக்கச் சொல்கிறான்.

இருவருக்கும் சேர்த்துத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் என்று முடிவானபோது நான் முதலில் நினைத்தது அந்த நமஸ்காரத்தைத்தான். வீட்டுக்குள் விழுவது வேறு. அங்கே மாலையும் கழுத்துமாக, பட்டு வேட்டியில், மொத்தச் சொந்தமும் பார்த்துக்கொண்டிருக்க, வீடியோக்காரர் "சார், சரியா விழல, இன்னொரு தடவை விழுங்க" என்று கேட்க, என் முகத்தையே வைத்துக்கொண்டிருக்கும் ஒருவன் காலில் விழ வேண்டும். மாட்டேன் என்று நேராகச் சொன்னால் குடும்பம் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடும். அதனால் இயற்பியலைக் களத்தில் இறக்கினேன்.

அண்ணன் வளைகுடாவில் ஒரு விமானக் கம்பெனியில் வேலை பார்த்தவன். பயணிகளுக்குச் சாப்பாடு பரிமாறியே பாதி ஆயுளை ஆகாயத்தில் கழித்தவன். எனக்கு அது போதும்.

மண்டபம் பேசத் திருக்கடையூருக்குக் காரில் போனோம். அவன் ஓட்டினான். நான் பக்கத்தில், பின் சீட்டில் அண்ணியும் என் மனைவியும். சம்பா அறுவடை முடிந்த சமயம். பாதி ரோட்டில் நெல்லைக் காயப்போட்டிருந்தார்கள், கார் ஊர்ந்தது. நல்ல நேரம் என்று ஆரம்பித்தேன்.

"வேகமாப் போறவனுக்குக் காலம் மெதுவா ஓடும். நிரூபிச்ச விஷயம். நீ இத்தனை வருஷம் பறந்திருக்க, நான் தரையிலேயே இருந்திருக்கேன். அதனால உன்னைவிட எனக்கு வயசு கூடிப்போச்சு. இப்ப நான்தான் மூத்தவன்."

"என் வாட்ச் நல்லாத்தானேடா ஓடிச்சு?"

"உனக்கு நல்லாத்தான் ஓடும். தள்ளி இருந்து பாக்குறவனுக்குத்தான் வித்தியாசம் தெரியும்."

அப்போது எதிரே வந்த டவுன் பஸ் ஒன்று ஹார்னை விடாமல் அடித்துக்கொண்டு எங்களைக் கடந்தது. நெருங்கும்போது கீச்சென்றிருந்த சத்தம் தாண்டியதும் தொய்ந்து தணிந்தது. அந்த டிரைவர் நன்றாக இருக்கட்டும்.

"கேட்டியா? இப்ப இதைக் கவனி. குடும்ப குரூப்புல தினம் காலையில ஒரு ரோஜாப்பூ படம் போட்டு எங்க உயிரை வாங்குறியே, அதையே எடுத்துக்குவோம். நீ ஒளியைவிடக் கொஞ்சம்தான் கம்மியான வேகத்துல ஒரு ராக்கெட்டுல போற. அங்கிருந்தும் உன் வாட்ச்படி நாளுக்கு ஒரு ரோஜா அனுப்புற. ஒவ்வொரு ரோஜாவும் முந்தினதைவிடத் தள்ளி இருந்து கிளம்புது. அதனால எனக்கு நாளுக்கு ஒண்ணு வராது, விட்டு விட்டுத்தான் வரும். நீ திரும்பி வரும்போது ஒவ்வொண்ணும் கிட்டக் கிட்ட இருந்து கிளம்பும், சரமாரியா வந்து கொட்டும். பஸ் ஹார்னும் இதே கணக்குதான்."

"அது ரோஜா வர்ற வழியில ஆகுற தாமதம். என் வாட்சுக்கு என்ன வந்துச்சு?" அண்ணன் மடையன் இல்லை.

"அங்கதான் விஷயமே. நீ எவ்வளவு தூரம் போயிருக்கேன்னு எனக்குத் தெரியும். வழியில ஆன நேரத்தை ஒவ்வொரு ரோஜாவுக்கும் கழிச்சிடுறேன். கழிச்சா நாளுக்கு ஒண்ணு சரியா வரணும்ல? வராது. அப்பவும் ஒவ்வொண்ணும் லேட்டாத்தான் கிளம்பியிருக்கும். அந்த மிச்ச லேட்டு வழியில ஆனதில்ல, உன் வாட்ச்ல ஆனது."

ஒளிக்கும் இதே கதைதான் என்று விளக்கினேன். ஒளி ஓர் அலை; அதன் ஒவ்வொரு முகடும் ஒரு ரோஜா. விலகிப் போகும் விளக்கின் முகடுகள் விட்டு விட்டு வரும், நிறம் சிவப்புப் பக்கம் சாயும். நெருங்கி வரும் விளக்கு நீலத்தின் பக்கம் சாயும். இதுவரை ஹார்ன்தான். ஆனால் விளக்கு நெருங்காமலும் விலகாமலும் நமக்குக் குறுக்கே கடக்கும் கணத்தில் கிளம்பிய ஒளியும் துளி சிவந்தே வந்து சேரும். ஹார்னுக்கு அந்தக் கணத்தில் எந்த மாற்றமும் கிடையாது. ஒளியில் மட்டும் இருக்கும் அந்தத் துளிச் சிவப்பு, காலம் மெதுவானதன் அடையாளம். வேறு எதுவும் அதில் கலப்பில்லை.

பின் சீட்டிலிருந்து அண்ணி கேட்டார்: "தம்பி, அவர் பக்கத்துல இருந்து பாத்தா நீங்கதானே விலகிப் போறீங்க? உங்க ரோஜாவும் அவருக்கு லேட்டாத்தானே வரும்?"

இந்தக் கேள்விக்காக வகுப்பறையில் எத்தனை வருஷம் காத்திருந்திருக்கிறேன்! அது எனக்கு எதிராக, காருக்குள் வந்து சேர்ந்தது.

"வாஸ்தவம்தான். ஆனா வண்டியைத் திருப்பினது உங்க வீட்டுக்காரர்." அண்ணன் என்ற சொல்லைக் கவனமாகத் தவிர்த்தேன். "அவர் திருப்பின உடனேயே என் ரோஜா அவருக்குச் சரமாரியா வர ஆரம்பிச்சிடும். அவர் திரும்பின சேதி எனக்கு வந்து சேரவே ரொம்ப நாளாகும். அதுவரைக்கும் எனக்கு ரோஜாப் பஞ்சம்தான். கடைசியில ரெண்டு பேரும் எண்ணிப் பாத்தா, அவர் அனுப்பினது கம்மி, நான் அனுப்பினது ஜாஸ்தி. ரோஜா கம்மின்னா அவர் வாழ்ந்த நாளும் கம்மி."

விமான வேகத்துக்கு இந்த வித்தியாசம் எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. கண் இமைக்கும் நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது என்று நானும் சொல்லவில்லை. அண்ணன் முகம் தொங்கிப்போனது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

நாலு நாள்கூட நிலைக்கவில்லை. விடிந்ததும் விடியாததுமாக போன். எடுத்தால் சிரிப்பு.

"டேய் தம்பி! நெட்ல பாத்தேன்டா. உயரத்துல பூமியோட இழுப்பு கம்மியாம், அங்க கடிகாரம் வேகமா ஓடுமாம். விமானத்துக்கு உன் கணக்கைவிட அந்தக் கணக்குதான் பெருசாம். கூட்டிக் கழிச்சா பறந்தவனுக்குத்தான் வயசு கூடுமாம். நான் இன்னும் கொஞ்சம் மூத்தவனாயிட்டேன்டா!"

எனக்கு அது தெரியாதா? வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப்போட்டவன் நான். வழக்கு நடத்துகிறவன் எதிராளிக்குச் சாட்சி பிடித்துக் கொடுப்பானா? போனை வைத்துவிட்டு, எப்படி விழுந்தால் வீடியோவில் முகம் தெரியாது என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

விசேஷத்தன்று கோயில் பிராகாரம் முழுக்க நரைத்த மாப்பிள்ளைகள். ஹோமப் புகையில் எல்லோர் கண்ணிலும் நீர். கலச நீர் ஊற்றி, தாலி கட்டி முடிந்ததும் எங்கள் குருக்கள் அட்சதைத் தட்டை நீட்டினார்.

"இளையவர் தம்பதியா வந்து மூத்தவரை நமஸ்காரம் பண்ணிக்கலாம். அட, ரெட்டையா? முதல்ல பொறந்தது யாரு?"

"நான்தான்." அண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, கால்களை வாகாக வைத்துக்கொண்டான்.

"அப்போ நீங்கதான் தம்பி" என்றார் குருக்கள். "குறுகின பாத்திரத்துல ரெண்டு எலுமிச்சம்பழம் போட்டா, முதல்ல போட்டதுதானே கடைசியா வெளில வரும்? கர்ப்பத்துல முதல்ல போனவர் இவர். நீங்க இவருக்கு நமஸ்காரம் பண்ணுங்கோ."

சொந்தத்தில் பெரியவர்கள் தலையாட்டினார்கள். சுத்த அபத்தம் இது. நாங்கள் ஒரே கருவாக இருந்து இரண்டாகப் பிரிந்தவர்கள். யார் முதலில் போனது என்ற பேச்சுக்கே இடமில்லை. அறிவியல் படித்தவன் என்ற முறையில் நான் மறுத்திருக்க வேண்டும். வாயைத் திறக்கவே இல்லை. என் மனைவி நின்ற இடத்திலேயே ஓர் அங்குலம் வளர்ந்தாள்.

அண்ணன் என்னை ஒரு முறை முறைத்தான். அப்புறம் ஒரு கையைத் தரையில் ஊன்றி, முட்டி சொடக்கெடுக்க, அண்ணியோடு சேர்ந்து மெதுவாக விழுந்தான். அவன் உச்சந்தலையை அன்றுதான் பார்த்தேன். எப்போதும் கீழே கிடந்தவன் நான், பார்க்க வாய்த்ததே இல்லை. நடுவில் வட்டமாக வழுக்கை, சுற்றிலும் பஞ்சு மாதிரி நரைமுடி, அதில் ஒட்டிய அரிசி. ஒரே அச்சில் வார்த்த தலைகள். என்னுடையதும் இப்படித்தான் ஆகியிருக்கும். இரண்டு பேரும் சேர்ந்தே கிழவர்களாகியிருக்கிறோம். அவன்மேல் பாசம் பொங்கிக்கொண்டு வந்தது.

"சீக்கிரம் எதையாவது சொல்லித் தொலைடா, முட்டி வலிக்குது" என்று கீழேயிருந்து முனகினான்.

ஆசீர்வாதம் செய்து எனக்குப் பழக்கமில்லை. கிண்டலாக ஏதோ சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"எனக்கு முன்னாடி போயிடாதடா" என்றுதான் வந்தது.