கிளட்சை மிதித்த கால்

இது கட்டுக்கதை இல்லை. சந்தேகம் இருந்தால் திருப்போரூரில் மெக்கானிக் ஜோஷ்வாவின் ஷெட்டுக்குப் போய்ப் பாருங்கள். அந்த மனுஷன் இன்றைக்கும் காருக்கு அடியில் தனியாகப் படுப்பதில்லை.

பேய்க்கு ராத்திரிதான் வேண்டும் என்று யார் சொன்னது? அன்றைக்குப் பட்டப்பகல். ஒரு காருக்குப் புது ஃப்ளைவீலும் கிளட்சும் மாட்டிக்கொண்டிருந்தான். செங்கல்பட்டு லேத் பட்டறையில் இரண்டையும் சேர்த்தே பேலன்ஸ் பார்த்து வாங்கியிருந்தான். எடை கொஞ்சம் பிசகினாலும் வண்டி உதறும். கியர்பாக்ஸும் ஏற்றியாயிற்று. மிச்சம், கிளட்ச் பைப்பில் காற்று எடுக்கும் வேலை. ஒருவர் மேலே பெடலை அமுக்கிப் பிடிக்க வேண்டும். ஒருவர் கீழே ஸ்க்ரூவைத் திறந்து மூட வேண்டும்.

வருஷக்கணக்காக அந்தப் பெடலை அமுக்கியவன் அவன் கூட்டாளி சூர்யா. மறைமலைநகர் கம்பெனியில் வேலை கிடைத்ததும் ஒரு வார்த்தை சொல்லாமல் கழன்றுகொண்டான். கம்பெனி பஸ்ஸில் ஷெட்டைத் தாண்டிப் போவான், திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். அந்த வயிற்றெரிச்சல் ஜோஷ்வாவுக்கு ஆறவே இல்லை. பெடல் அமுக்க எதிர் டீக்கடை இருசப்பனைக் கெஞ்ச வேண்டிய நிலைமை. வருகிறேன் என்று சொல்லியிருந்தார்.

ஜோஷ்வா அடியில் படுத்தான். கார்க் கதவு திறந்தது... சீட் கிறீச்சிட்டது. ஜல்லியில் செருப்புச் சத்தம் மட்டும் கேட்கவில்லை.

"அமுக்கு."

டக்... டக்... டக். மூன்று தடவை வேகமாக மிதித்து, நான்காவதில் அழுத்திப் பிடித்தது கால். சூர்யா மட்டும்தான் அப்படி மிதிப்பான்.

ஜோஷ்வாவுக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். வாய்தான் கேட்கவில்லை.

"இப்பதான் வழி தெரிஞ்சுதா மச்சான்?"

ஸ்க்ரூவைத் திறந்து மூடினான்.

"விடு."

விடவில்லை. மேலே மூச்சு வாங்கும் சத்தம்... ஈரமான சத்தம்.

விளையாடுகிறான் என்று நினைத்தான். அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொங்கிவிட்டது.

"உட்டுட்டுப் போனவன்தான நீ. செத்துத் தொல."

டக்.

பெடல் மேலே வந்தது.

மேலே கேட்ட மூச்சு நின்றது.

ஊர்ந்து வெளியே வந்தான். சீட்டில் யாரும் இல்லை. இருசப்பன் அப்போதுதான் கையைத் துடைத்தபடி ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார். மணி 12:40.

சாயங்காலம் சூர்யாவின் மனைவி வினிதா போன் செய்தாள். காலையில் லீவு போட்டுவிட்டு, ஜோஷ்வாவிடம் சமாதானம் பேசத்தான் பைக்கில் கிளம்பினானாம். வழியில் லாரி அடித்துவிட்டது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கடைசி வரை நினைவு திரும்பவில்லை.

"இடது கால மட்டும் கட்டில்ல அமுக்கிகினே இருந்தாருண்ணா. டாக்டரு புட்ச்சி இழுத்தும் மடங்கல. பன்னண்டு நாப்பதுக்குத் தானா உட்டாரு... அதோட உசுரும் பூட்ச்சி."