ஸ்டாஃப் விலையில் மாப்பிள்ளை போன்

1. எதில் எவ்வளவு நிற்கும்

தி. நகரில் போன், லேப்டாப், ஹெட்போன் விற்கும் கடை ஒன்றில் பில் போடுவதும் விலை ஏற்றுவதும் என் வேலை. பொருள் எங்கள் கடைக்கு வந்து சேரும் விலையை லேண்டிங் காஸ்ட் என்போம். அதன்மேல் எவ்வளவு வைத்து விற்பது என்று முதலாளி சொல்வார். நான் சிஸ்டத்தில் ஏற்றுவேன். லேண்டிங் காஸ்ட் எங்கள் இருவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியக் கூடாது. விற்பனையாளர்களுக்குத் தெரிந்தால் பேரம் நடக்கும்போது முகம் காட்டிக் கொடுத்துவிடும் என்பது முதலாளியின் பயம்.

விலை கூடிய பொருளில் லாபமும் கூடுதல் என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் போன் விலையை எல்லோரும் ஆன்லைனில் பார்த்துவிட்டுத்தான் எங்கள் படியேறுகிறார்கள், அதில் அதிகம் வைக்க முடியாது. இருபத்து நான்காயிரம் ரூபாய் போனை விற்றால் கடைக்கு எண்ணூறு ரூபாய் நிற்கும். அதற்குப் போடும் கவர் அறுபது ரூபாய்க்கு வந்து நானூறுக்குப் போகும். எங்கள் கடை வாடகையையும் ஏசி ஓடும் கரண்ட் பில்லையும் கவரும் கேபிளும் டெம்பர்டு கிளாஸும்தான் கட்டுகின்றன.

ஊழியர்களுக்கு ஸ்டாஃப் விலை உண்டு. லேண்டிங் காஸ்டோடு நூற்றுக்கு இரண்டு ரூபாய் சேர்த்து பில் போடுவோம். எவ்வளவு குறைந்தது என்பது பில் கைக்கு வந்த பிறகே அவர்களுக்குத் தெரியும்.

2. சேவியரின் ஹெட்போன்

சேவியர் ஊரூர் குப்பத்துக்காரன். எங்களிடம் சேர்ந்தபோது இருபத்தாறு வயது. சார்ஜர் மட்டும் வாங்க வந்தவரைக்கூட, “அண்ணே, போன் குப்புற விழுந்தா ஒங்க மனசு தாங்குமா?” என்று கேட்டு கிளாஸும் ஒட்டித்தான் அனுப்புவான். திட்டிக்கொண்டே வாங்குவார்கள், அடுத்த முறை வந்தால் அவனைத்தான் தேடுவார்கள்.

முதல் சம்பளத்தில் அவன் ஒரு ஹெட்போன் எடுத்தான். கடை விலை ஆயிரத்து ஐந்நூறு. நான் போட்ட பில் நானூற்று ஐம்பத்தொன்பது.

“மேடம், எதுனா தப்பா அடிச்சிட்டீங்களா?”

“சரியாத்தான் இருக்கு. ஸ்டாஃப் விலை.”

“மூணுல ஒரு பங்குகூட இல்லியே!”

அவன் பில்லை மடித்து ஐடி கார்டு உறைக்குள் வைத்துக்கொண்டான். ஹெட்போன், கவரும் கேபிளும் போல ஆக்சஸரீஸ் கணக்கில் வருவது, போனுக்கு இந்தக் குறைப்பு கிடையாது என்பதை அறிய அவனுக்கு வழியில்லை. எங்கள் கடையில் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கும் என்று வீட்டில் சொல்லிவிட்டான்.

3. இரண்டு சம்பந்திகள்

சில மாதங்கள் கழித்து, கூட்டமில்லாத ஒரு மதியம், இரண்டு பெண்கள் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் சேவியரின் அம்மா ஃபிலோமினா. மற்றவர் அவன் தங்கை லூர்துவைத் தன் மகனுக்குப் பேசியிருந்த நொச்சிக்குப்பம் அமலா. இருவருக்கும் மீன் விற்பதுதான் தொழில்.

“எம்மாம் சில்லுனு கீது! இங்க வெச்சா மீனுக்கு ஐஸே வோணாம்” என்றார் அமலா.

ஃபிலோமினா நேராக என் கவுண்டருக்கு வந்து ஒரு பணக் கவரை வைத்தார். “யம்மா, மாப்பிள்ளைக்கு அந்த இருவத்தி நாலாயிர ரூவா போனு. நீலக் கலரு. எட்டாயிரம் கீது, எண்ணிக்கோ.”

சேவியர் ஓடி வந்து என் பக்கம் குனிந்தான். ஏசியிலும் அவன் சட்டை நனைந்திருந்தது. முந்தைய வாரம்தான் அவன் என்னிடம் அந்தப் போனின் ஸ்டாஃப் விலையைக் கேட்டிருந்தான். பில்லுக்கு முன்னால் சொல்லக் கூடாது என்றாலும், முந்நூற்றுச் சொச்சம்தான் குறையும் என்று சொல்லியிருந்தேன். அம்மாவிடம் அதைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. நிச்சயதார்த்தத் தட்டில் போன் வைப்பதாக அவர் இரண்டு குப்பத்துச் சொந்தக்காரர்கள் நடுவில் ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

“மேடம், மீதிய எம்பேர்ல இஎம்ஐ போட்டுடுங்க. அம்மாக்குத் தெரிய வோணாம்.”

“மண்டபத்துக்கு வாங்கின கடனே உன் சம்பளத்துல பாதி போகுதேப்பா.”

“சமாளிச்சிப்பேன் மேடம். தங்கச்சி கல்யாணம்.”

இஎம்ஐ போட்டால் பல மாதங்கள் அவன் கையில் பஸ் காசுகூட நிற்காது. போடாவிட்டால் சம்பந்தி முன்னால் அவன் அம்மா பொய் சொன்னவராகிவிடுவார். வெறுமனே “குறையாது” என்று நான் சொன்னாலும் அப்படித்தான் ஆகும். ஏன் குறையாது என்பதை அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும். நான் மானிட்டரைத் திருப்பினேன்.

“இது நாங்க வாங்கின விலை, இது விக்கிற விலை. போன்ல எண்ணூறு ரூபாதான் நிக்குது. அதுக்குள்ளதான் இவனுக்குக் குறைக்க முடியும். கீழ பாருங்க, ஹெட்போன். இதுல நிறைய நிக்குது, அதனாலதான் அவனுக்கு அவ்வளவு குறைஞ்சுது. அதைப் பார்த்து எல்லாமே இப்படித்தான்னு நெனச்சிட்டான்.”

ஃபிலோமினா மகனைப் பார்த்தார். “பாவி, என் மானத்த வாங்கிட்டியேடா!”

அமலா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரிப்பு வெடித்தது.

“வஞ்சிரம் கணக்கால்ல கீது! ஏலத்துலயே வெல ஏறிப்பூடும். கூடைல பாத்தா பெரிய மீனு, முந்தானைல முடிய ஒண்ணும் நிக்காது. நமக்குச் சோறு போடறது நெத்திலிதானே? இவுங்களுக்கு இந்த ஒயரு.”

“சம்பந்தி, நான் தெரியாம வாக்கு குடுத்துட்டேன்…”

“வுடு. எம்புள்ளைக்கு போனு எதுக்கு? போட்டுல குந்திக்கினு ரீல்ஸ் பாப்பான், வலைய மீனே இஸ்துகினு பூடும்.” சற்று யோசித்தார். “ஆனா தட்டுல எதுனா பெரிசா வெச்சாவணும். எங்க சனம் வாய் சும்மா இருக்காது. ஏம்மா, நெத்திலி கணக்குல பெரிய சாமான் எதுனா கீதா?”

இருந்தது. ப்ளூடூத் ஸ்பீக்கர், அதுவும் ஆக்சஸரீஸ் கணக்கில்தான் வரும். கடை விலை ஐயாயிரம், ஸ்டாஃப் விலை மூன்றாயிரத்துக்குச் சற்றுக் கீழே. சேவியர் அதை இரண்டு கைகளாலும் தூக்கி வந்து பாட்டுப் போட்டான்.

“ரெண்டு தெருவுக்குக் கேக்குமா?”

“மூணு தெருவுக்குக் கேக்கும் அத்தே.”

“அப்ப இதுதான். போன யாரு பாக்கப் போறா? இத ஊரே கேக்கும்.”

சத்தம் கேட்டு முதலாளி கேபினிலிருந்து வெளியே வந்தார். மானிட்டர் திரும்பியிருப்பதைப் பார்த்ததும் அவர் நடை நின்றது.

“என்ன மேடம் இது? நாளைக்கு இவங்க ஊரே வந்து அறுபது ரூபாய்க்குக் கவர் கேக்கும்!”

நான் வாய் திறப்பதற்குள் அமலா முந்திக்கொண்டார். “பயப்படாத நைனா. ஏல வெலைய எந்த மீன்காரியாவது வாங்க வர்றவங்கிட்ட சொல்லுவாளா? நாங்களும் யாவாரம் பண்ணிதான் பொழைக்கிறோம்.”

முதலாளி ஸ்பீக்கர் பில்லைப் பார்த்தார், சேவியரைப் பார்த்தார். “இதுக்கு ஒரு பை குடுங்க, பெரிய பையா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

4. இப்போது முதல் நாளில் சொல்வது

மறுநாள் முதலாளியிடம் பேசினேன். சரியான லேண்டிங் காஸ்ட் வேண்டாம். போனில் சொற்பம், லேப்டாப்பில் கொஞ்சம், ஆக்சஸரீஸில் நிறைய என்பதையாவது ஊழியர்களுக்குச் சொல்லிவிடலாம் என்றேன். பேரத்தில் முகம் மாறுவார்களே என்று பழைய பாட்டையே பாடினார். தெரியாததால் சேவியர் மாட்டிக்கொண்டதைச் சொன்னேன். ஒப்புக்கொண்டார். பேரத்தில் யார் முகமும் மாறவில்லை. எது எவ்வளவு குறையும் என்று தெரிந்ததால், “போன்ல முடியாதுண்ணே, கவர்ல பாத்துப் பண்றேன்” என்று தயங்காமல் சொன்னார்கள்.

லூர்துவின் நிச்சயதார்த்தத்துக்கு நானும் போயிருந்தேன். ஸ்பீக்கர் தட்டில் உட்காரவில்லை. இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். அதன் பாட்டுச் சத்தத்தில் பாதிரியாரின் ஜெபமே காதில் விழவில்லை. அமலாதான் போய் நிறுத்தினார்.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஸ்டாஃப் விலை கிடைத்தால் சந்தோஷமாக வாங்குங்கள், வீட்டில் பெருமையாகவும் சொல்லுங்கள். ஆனால், “உங்க கடைல எவ்வளவு குறைப்பாங்க?” என்று யாராவது கேட்டால் உடனே ஒரு தொகையைச் சொல்லிவிடாதீர்கள். “என்ன வாங்கப் போறீங்க?” என்று முதலில் கேளுங்கள்.