முப்பத்திரண்டு ஸ்ரீக்குக் காத்திருந்த மாமா

நம்பர் பிளேட்டில் முதலில் வருகிற எண்தான் அந்த வாகனத்தின் வயசு என்று எட்டு வயது வரைக்கும் நான் நம்பிக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள், என்னிடம் சான்று இருந்தது. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து ஏற்றுகிற லொறி இருபத்திரண்டு ஸ்ரீ. ஏற்றத்தில் இருமிக்கொண்டும் இறக்கத்தில் முனகிக்கொண்டும் போகும். அதற்கு இருபத்திரண்டு வயசு என்றால் யாரும் மறுக்கமாட்டார்கள். தோட்டத்தை நடத்துகிற துரையின் கார் ஆறு ஸ்ரீ. தினமும் கழுவித் துடைத்து, தலைக்கு எண்ணெய் வைத்த ஆறு வயசுப் பிள்ளை மாதிரி பங்களா வாசலில் நிற்கும். மாமாவின் வாடகைக் காரிலோ முன்னால் எண்ணே கிடையாது. எண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு இங்கிலீஷ் எழுத்துதான். ஆகவே அதற்கு இன்னும் வயசே ஆகவில்லை என்று தீர்மானித்திருந்தேன். அதன் ஒரு கதவைக் கயிற்றால் கட்டித்தான் ஓட்ட வேண்டும். கைக்குழந்தை என்றால் பிடித்துக்கொள்ளத்தானே வேண்டும்?

உண்மை இதற்கு நேர்மாறு. கொழும்பில் வண்டியைப் பதியும்போது வரிசைப்படி நம்பர் கொடுப்பார்கள். நடுவில் சிங்கள ஸ்ரீ, பின்னால் நாலு இலக்கம். அந்த நாலு இலக்கமும் தீர்ந்துபோனால் முன்னால் உள்ள எண் மாறிப் பெரிதாகும். ஆகவே முன் எண் பெரிது என்றால் வண்டி புதுசு. இங்கிலீஷ் எழுத்து நம்பரோ ஸ்ரீ வருவதற்கும் முந்தின காலத்தது. ஜப்பானில் எவனோ பத்து வருஷம் ஓட்டிக் கழித்த வேனாக இருந்தாலும், கொழும்பில் பதிந்த அன்றைக்கு அதற்குப் புதிதாக ஞானஸ்நானம் கொடுத்ததுபோல ஆகிவிடும். பழைய பாவம் எதையும் யாரும் கேட்கமாட்டார்கள்.

மாமா அம்மாவின் தம்பி. மஸ்கெலியா பஜாரில் காரை நிறுத்தி ஹயர் ஓடிக்கொண்டிருந்தார். கொழும்புக்கோ, அரபு நாட்டுக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கோ போக வேண்டும் என்றால் சனங்கள் முதலில் நம்பரைப் பார்ப்பார்கள், பிறகுதான் டிரைவரின் முகத்தைப் பார்ப்பார்கள். மாமாவின் காரைப் பிரசவத்துக்கும் சாவுக்கும்தான் கூப்பிட்டார்கள். அந்த அவசரத்தில் நம்பரை யார் பார்க்கிறது?

அதனால்தான் அவர் வேன் வாங்கத் துணிந்தார். கொழும்பில் ஒன்றைப் பார்த்துப் பேசி முடித்தாகிவிட்டது. விற்கிறவர்தான் அந்த விஷ வித்தைத் தூவினார். முப்பத்தொண்ணு ஸ்ரீ முடியப்போகிறது, இப்போது பதிந்தால் அதுதான் கிடைக்கும், கொஞ்சம் பொறுத்தால் முப்பத்திரண்டு என்று சொல்லிவிட்டார். மாமா பொறுத்தார்.

அதே நேரத்தில்தான் இறம்பொடைப் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண்ணின் அப்பா அங்கே ஒரு தோட்டத்தில் கண்டாக்கு. பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிறவர் இல்லை, மலையில் வேலை வாங்குகிற உத்தியோகத்தர். நாங்கள் வேதக்காரர்கள். தவக்காலம் தொடங்கிவிட்டால் உயிர்த்த ஞாயிறு வரைக்கும் கல்யாணம் செய்யமுடியாது. அதற்கு முன்னால் கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து முடிக்க வேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றார். வேன் கைக்கு வராமல் நிச்சயதார்த்தத்துக்குப் போகமாட்டேன் என்று மாமா இன்னொரு காலில் நின்றார்.

“நீ பொண்ணக் கட்டப்போறியா, நம்பரக் கட்டப்போறியாடா?” என்பார் அம்மா.

“அக்கா, நான் முப்பத்தொண்ண எடுத்த மறுவாரமே முப்பத்திரண்டு ரோட்டுல எறங்கிருச்சின்னா? என் வேன் பொறந்த வீட்டுலயே கெழவனாயிரும்க்கா.”

எனக்கு இந்தப் பேச்சு விளங்கவே இல்லை. என் கணக்குப்படி மாமா வாங்கப்போகிற வேனுக்கு முப்பத்தொரு வயசு. அது போதாது, இன்னும் ஒரு வயசு கூடட்டும் என்று காத்திருக்கிறார். மாமாவுக்கே அப்போது முப்பது ஆகவில்லை. தன்னைவிட மூத்த வேனைத் தேடி வாங்குகிற மனிதனைப் பற்றி ஒரு பையன் என்ன நினைப்பான்? பாவம், ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்தேன்.

பஜாரில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவிடம்தான் டெலிபோன் இருந்தது. மாமா சாயங்காலம் தவறாமல் அங்கே போய் நிற்பார்.

“கொழும்புலருந்து கோல் வந்துச்சா நானா?”

“வரல்ல. எப்பிடி வரும்? ஒங்களப் போலவே எல்லாரும் முப்பத்திரண்டுக்குப் பாத்துக்கிட்டு இருந்தா, முப்பத்தொண்ண யாரு தம்பி முடிக்கிறது?”

நானா சொன்னது எவ்வளவு பெரிய பொருளாதாரம் என்று இப்போதுதான் தெரிகிறது. அன்றைக்கு மாமா அதைக் காதில் வாங்கவில்லை.

பெண் பார்க்கப் பழைய காரிலேயே போனோம். கயிறு கட்டிய கதவுப் பக்கம் என்னை உட்காரவைத்தார்கள். பலகாரம் முடிந்து பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது கண்டாக்கையா என்னைத் தோட்டத்துப் பக்கம் கூட்டிப்போனார். கையில் இரண்டு பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டு, சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டார்.

“மாமா வேன் எடுக்கப்போறாராமே தம்பி. என்னா நம்பரு?”

எனக்கு வியர்த்துவிட்டது. குளிருக்குப் பல் கிட்டுகிற ஊரில் வியர்த்தது. முப்பத்திரண்டு என்று சொன்னால் பெண் கொடுப்பார்களா? மாமாவின் வாழ்க்கையே என் வாயில், பிஸ்கட்டுக்குப் பக்கத்தில் இருந்தது.

“மூணு ஸ்ரீங்க ஐயா.”

“மூணா?” என்று புருவத்தைத் தூக்கினார். மூன்று வயசும் கூடிப்போய்விட்டது போலிருக்கிறது என்று பதறிப்போனேன்.

“ரெண்டாக்கூட இருக்கும்ங்க.”

கண்டாக்கையா சிரித்தார். என் தலையைத் தடவிவிட்டு உள்ளே போனார். மாமாவைக் காப்பாற்றிவிட்ட பெருமையோடு மீதிப் பிஸ்கட்டைத் தின்றேன்.

அந்தப் பெருமை நுவரெலியா தாண்டும் வரைக்கும்கூட இருக்கவில்லை. எங்களை முந்திக்கொண்டு போன ஒரு வேனைக் காட்டி, “பாத்தியாடா, முப்பது ஸ்ரீ. அதவிட நம்ம எடுக்கப்போறது புதுசு” என்றார் மாமா.

“அப்ப தொர காரு?”

“அதெல்லாம் பழைய சாமான்டா. கழுவிக் கழுவி வச்சிருக்காங்க.”

“ரெண்டு ஸ்ரீன்னா மாமா?”

“ரெண்டு ஸ்ரீயா! அது நான் அரக்கால் சட்ட போட்டிருந்தப்ப வந்தது. இப்ப அதுல கோழிதான் அடைக்கலாம்.”

நானுஓயா வளைவில் பிஸ்கட் முழுக்க வெளியே வந்துவிட்டது. ரோட்டு வளைவுதான் காரணம் என்று அம்மா எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தார். மாமா கோழிக்கூடு வாங்கப்போகிறார் என்று பெண்வீட்டில் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன் என்பதை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

சம்பந்தம் முறிந்தது என்ற செய்திக்காக நடுங்கிக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் நானாவே வீட்டுக்கு வந்து, கண்டாக்கையா கோல் எடுத்தார், அவர்களுக்கு முழுச் சம்மதமாம் என்று சொல்லிவிட்டுப் போனார். வேன் வரமுதலே வேலையைக் காட்டிவிட்டது பாருங்கள் என்று மாமா மீசையை முறுக்கினார். அவர்கள் சம்மதித்தது இரண்டு ஸ்ரீக்கு என்பது இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். இனி உண்மையான வேன் வந்து நிற்கும். நான் சொன்னது பொய் என்று தெரியும். பொய்க்காரக் குடும்பம் என்று பெண்ணைத் தரமாட்டார்கள். அந்தோனியாரிடம் மெழுகுதிரி நேர்ந்துகொண்டு, அந்த வேனைக் காணாமல் போகச் செய்யும்படி மன்றாடினேன். காணாமல் போன பொருளைத் தேடிக் கொடுப்பதுதான் அவர் வேலை என்று தெரிந்தும், அவசரத்துக்கு வேறு புனிதர் ஞாபகம் வரவில்லை.

வேன் காணாமல் போகவில்லை. முப்பத்திரண்டும் வரவில்லை. இனியும் தாமதித்தால் தவக்காலத்துக்கு முன் ஓலை வாசித்து முடிக்க நாள் இல்லை என்று பங்குச் சாமியார் கறாராகச் சொல்லிவிட்டதால், மாமா மனசில்லாமல் கொழும்புக்குப் போய்ப் பதிந்து, முப்பத்தொண்ணு ஸ்ரீயோடு வந்து இறங்கினார். பஜாரே வந்து பார்த்தது. மாமா மட்டும் நம்பர் பிளேட்டின் பக்கம் போகாமல் வேனைச் சுற்றி வந்தார்.

நிச்சயதார்த்தத்துக்குப் புறப்படுகிற காலையில், எல்லாரும் உடுத்திக்கொண்டிருந்தபோது, லயத்துச் சாக்கடைக் கானிலிருந்து சேறு அள்ளி முன்னாலும் பின்னாலும் நம்பரை நன்றாகப் பூசி மறைத்தேன். ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை. அவ்வளவு துப்புரவாக நான் எந்த வேலையையும் செய்ததில்லை. ஆனால் நுவரெலியாவில் மழை பிடித்துக்கொண்டது. இறம்பொடையில் போய் இறங்கியபோது, துரையின் டிரைவர்கூட அப்படிக் கழுவியிருக்கமாட்டான், நம்பர் பளிச்சென்று இருந்தது.

கண்டாக்கையா குடையோடு வந்தார். நேராக நம்பரைப் பார்த்தார். மாமா முந்திக்கொண்டு, “மன்னிச்சுக்கங்க ஐயா. முப்பத்திரண்டு கெடைக்கல. முப்பத்தொண்ணுதான் அமைஞ்சது” என்று குனிந்தார்.

கண்டாக்கையாவின் கண் என்மேல் திரும்பியது. “ரெண்டு ஸ்ரீன்னியே தம்பி?”

எல்லாத் தலைகளும் திரும்பின. நான் ஓடுவதற்கு இடம் பார்த்தேன். இருந்த ஒரே இடம் வேனுக்கு அடி. புகுந்துவிட்டேன். அதற்குப் பிறகு நடந்ததை எல்லாம் நான் கால்களாகத்தான் பார்த்தேன். கண்டாக்கையாவின் கனத்த சப்பாத்து, மாமாவின் புதுச் சப்பாத்து, அம்மாவின் செருப்பு. வாசற்படியிலிருந்து ஒரு ரப்பர் செருப்பும் இறங்கி வந்தது. பெண்ணின் அக்கா அவர், கைப்பிள்ளையோடு தாய்வீட்டில் இருந்தார்.

“எங்க மூத்த மாப்பிள்ளையும் புது நம்பர் வேன்தாங்க” என்றது கனத்த சப்பாத்து. “கட்டுநாயக்கா, கதிர்காமம், மாத்தறன்னு ஓடுது. புதுசுன்னா தூரத்து ஹயராத்தான் வரும். புள்ள அவரு மொகத்தக் கண்டா இன்னும் அழுவுது, அடையாளம் தெரியாம. பழைய வண்டின்னு தம்பி சொன்னான். சரி, அட்டனத் தாண்டாது, மனுசன் ராத்திரிக்கு வூட்டுக்கு வந்துருவாருன்னுதான் நான் சம்மதிச்சேன்.”

“நான் வந்துருவேங்க” என்றார் மாமா.

“அவரும் அப்பிடித்தாங்க சொன்னாரு” என்றது ரப்பர் செருப்பு. குரலில் கோபம் இல்லை. மாமாவின் புதுச் சப்பாத்தின் முனை ஈர மண்ணில் ஒரு குழி பறித்துக்கொண்டிருந்தது. அது வெகுநேரம் பறித்தது.

அதற்குள் அம்மா என் காலைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டார். முதுகில் நாலு விழுந்தது. எண்ணியதில் ஒன்று குறையலாம். பொய் சொன்னதற்கு அடி என்பது எனக்கு விளங்கியது. ஒரு ஆம்பிளை ராத்திரிக்கு வீட்டுக்கு வருவதைப் பற்றி மழையில் நின்றுகொண்டு ஏன் இத்தனை பேர் பேச வேண்டும் என்பதுதான் விளங்கவில்லை. எங்கள் அப்பா தினமும் வந்துகொண்டிருந்தார். அதை ஒரு விஷயமாக நான் நினைத்ததே இல்லை.

நிச்சயம் அன்றைக்கு நடந்தது. வேனை மாமா அட்டனில் ஒரு பேக்கரிக்காரருக்கு விற்றுவிட்டார். முப்பத்திரண்டு எப்போது வந்தது என்று அவர் விசாரிக்கவே இல்லை. தவக்காலத்துக்கு முந்தின சனிக்கிழமை கல்யாணம் முடிந்து, மாப்பிள்ளையும் பெண்ணும் பழைய காரில் மஸ்கெலியாவுக்குப் புறப்பட்டார்கள். கயிறு கட்டிய கதவுப் பக்கம் நானும் இருந்தேன். இறம்பொடை ஏற்றத்தில் மூன்றாவது வளைவில் கார் நின்றுவிட்டது. மாமா கோட்டைக் கழற்றி என் தலையில் போட்டுவிட்டுப் பின்னால் போய்த் தள்ளினார். புது அத்தை சேலையைச் சுருட்டிக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார்.