கடைக்குட்டிப் பல்

ஞானப்பல்லை மலாயில் 'கிகி போங்சு' என்பார்கள். கடைக்குட்டிப் பல் என்று அர்த்தம். என் கடைக்குட்டி மகளுக்குச் சிங்கப்பூரில் வேலை. எல்லைக்கு இந்தப் பக்கம், செடெனாக் ஊர் வீட்டில் நான் மட்டும்தான்.

போன மாதம் பல் கிளினிக்கில் எனக்கு அந்தப் பல்லைப் பிடுங்க நாள் கொடுத்தார்கள். எனக்கு இனிப்புநீர் வியாதி உண்டு. ரத்தப் பரிசோதனை என்றால் 'புவாசா', அதாவது வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்கள். இதற்கும் அப்படித்தான் என்று நானே முடிவு செய்து, மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டுப் பஸ் ஏறினேன். வழியில் மகள் போன் செய்தாள்.

"பசியாறிட்டீங்களாம்மா?"

"ஆச்சு லா," என்றேன். வழக்கமாகச் சொல்லும் பொய்தான்.

கிளினிக்கில் என் பெயரைக் கூப்பிடும் முன்பே கை நடுங்கியது, வேர்த்துக் கொட்டியது. விரலில் குத்திப் பார்த்த தமிழ்த் தாதி பதறிப்போய், சீனி கரைத்த தண்ணீரைக் குடிக்க வைத்தார்.

"அலமாக்! உங்கள யாரு ஆன்ட்டி புவாசா இருக்கச் சொன்னது? மருந்த போட்டுட்டு சாப்பிடாம வந்தா சீனி இறங்கிடும். நாங்க அந்த இடத்த மட்டுந்தானே மரக்க வைப்போம், முழு மயக்கம் இல்லியே!"

இன்னொரு நாள் பசியாறிவிட்டுப் போய்ப் பல்லை எடுத்தேன். புண் ஆறிவிட்டது. நாக்குதான் அந்தக் காலி இடத்தையே தேடிப் போகிறது.

இப்போதெல்லாம் எதற்கு வெறும் வயிறு வேண்டும் என்று முன்பே கேட்டுக்கொள்கிறேன். காலையில் தோசையைத் தட்டில் வைத்த பிறகுதான் மகளுக்குப் போன் போடுகிறேன்.

"இப்பதாம்மா பசியாறுறேன். முடியிற வரைக்கும் போன வச்சிடாத," என்கிறேன்.

மெதுவாகத்தான் மெல்கிறேன்.